பாதி மொட்டை

முடிவெட்டும் மிஷினை நிறுத்தியதும் உள்ளங்கையைப் பின்கழுத்தில் வைத்து உச்சி வரைக்கும் எதிர்ப்பக்கமாக ஒரே இழுப்பு இழுப்பார். எங்காவது சுருக்கென்றால் மறுபடி மிஷின் ஓடும். கை வழுக்கிக்கொண்டு போனால்தான் ஜோம்ரே அக்காவுக்குத் திருப்தி. "ம், முடிஞ்சது. தொப்பி எங்க? இந்தக் குளிர்ல தொப்பி இல்லாம ஒருத்தனும் எழுந்திருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சியோலில், ஜேகி சந்தைக்குப் பின்னால் என் சாவிக்கடை. அடுத்தது அக்காவின் முடிவெட்டும் கடை. கண்ணாடிக்கு மேலே, புருஷன் படம் இருக்க வேண்டிய இடத்தில் அதிபர் படம். எதிர்க்கட்சிக்காரன் வந்தாலும் வெட்டிவிடுவார். ஆனால் தலை கழுவச் சுடுதண்ணீர் கிடையாது. எனக்குப் பல வருஷமாகப் பச்சைத் தண்ணீர்தான்.

கோபம் வந்தால் கட்சிக்காரர்கள் மேடையேறி மொட்டையடித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அக்காவின் கட்சி மேடைகளில் வெள்ளைத் துணியை உதறி விரிப்பது அக்காதான். காசு வாங்க மாட்டார். கீழே விழுந்த முடியைக் கூட்டம் மிதிக்கவும் விடமாட்டார். தேசிய கீதம் முடிவதற்குள் குனிந்து அள்ளி மடியில் கட்டிக்கொள்வார். ஏன் இந்தப் பித்து என்று கேட்டால் ஒரே பதில்: "எம் புருஷன், முயோல் அப்பா, செத்தப்போ மூணு நாளும் பிணத்துக்குக் காவல் இருந்தது யாரு? சொந்தக்காரனா? கட்சிக்காரன்டா."

இந்தக் குளிர்காலத்தில் மொட்டைகள் பெருகின. நாடாளுமன்றம் அதிபர்மேல் குற்றம் சாட்டி, பதவியில் வைப்பதா நீக்குவதா என்று விசாரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டது. அவர் சொந்தக் கட்சி ஆட்களே அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். ரகசிய ஓட்டு என்பதால் யாரென்று தெரியாது. அடுத்த வாரமே எம்.பி.க்கள் வரிசையாக வந்து தலையைக் கொடுத்தார்கள். "இதுல எவன் தலை பொய் சொல்லுதுன்னு என் கைக்கே தெரியலையேடா தம்பி" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தார்.

அதற்குள் நீதிபதிகள் ஒன்பது பேரில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியை நிரப்ப வேண்டியது அதிபர்; அவர் அதிகாரமோ முடங்கிக் கிடந்தது. மிச்சமிருக்கிற எட்டுப் பேர் தீர்ப்புச் சொல்லலாமா கூடாதா? சந்தை முழுக்க இதே சண்டை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஆறு பேர் சரின்னா பதவி போச்சு, அதுதான் சட்டம். எட்டுக்குள்ள ஆறு அடங்காதா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மிஷினை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "சாவி வெட்டுறவனுக்குச் சட்டம் வேறயா! ஒம்பதாவது ஆளும் உள்ள உக்காந்து பேசியிருந்தா மத்தவன் மனசு மாறியிருக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா? பாதித் தலையில நான் மிஷினை நிறுத்திட்டா, அதை மொட்டைன்னு ஒத்துக்குவியா நீ?"

கடையே சிரித்தது. மீன்கடைக் கிழவர் பியோ தொடையைத் தட்டி, "அப்படிக் கேளு முயோல் அம்மா!" என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வாதம்தான். ஆனாலும் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

முயோல் அக்காவின் ஒரே மகன். கட்டாய ராணுவப் பணிக்காலத்தைப் போலீஸில் கழிக்கிறான். நீதிமன்றத் தெருவில் போலீஸ் பஸ்களை ஒட்டி ஒட்டி நிறுத்திச் சுவராக்கி, அதன் பின்னால் கேடயத்தோடு நிற்பது அவன் வேலை. அந்தச் சுவருக்கு முன்னால்தான் அம்மாவின் மேடை. தீர்ப்புக்கு முந்தின நாள் அவன் கூப்பிட்டபோது, அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்துவிட்டுத் துண்டு மடித்துக்கொண்டே பேசினார். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, நாளைக்கு வராதீங்க. கம்பெல்லாம் கொண்டு வர்றாங்களாம்."

"நம்ம ஆளுங்கடா. எல்லாம் நான் தொட்ட தலை. உன்னைத் தொட மாட்டாங்க."

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறது உங்க மகன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

துண்டு மடித்த கை நின்றது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவரைத் தனியே விட மனமில்லாமல், என் கட்சி இல்லாவிட்டாலும், நானும் போய் மேடையோரம் நின்றேன். காலையிலேயே மீன்கடைப் பியோவுக்கு மொட்டை அடித்து முடிந்திருந்தது. அடுத்து கட்சியின் வட்டாரத் தலைவர் கூ. ஒலிபெருக்கியில் தீர்ப்பு ஓட ஓட மொட்டையடிப்பதாக ஏற்பாடு. வலப்பக்கம் முடிந்து மிஷின் உச்சிக்கு வந்தபோது, எட்டுப் பேரும் ஒரே முடிவாக அதிபரை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. கிழவர்கள் ஓவென்று அழுதார்கள். அக்கா கன்னத்திலும் தண்ணீர் ஓடியது.

கூ வெள்ளைத் துணியோடு எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "எட்டுப் பேர் தீர்ப்பு செல்லாது! பஸ்ஸைச் சாயுங்க! போலீஸ்காரப் பயலுகளை மிதிச்சுக்கிட்டு உள்ள போங்க!"

மிஷின் சத்தம் நின்றது. அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்.

"முயோல் அம்மா! பாதியில விட்டுட்டு எங்க போறே? கேமரா ஓடுது!" என்று கூ கத்தினார். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் சாயம் போட்ட கறுப்பு முடி. சிரிக்க அங்கே ஒருத்தருமில்லை.

இரண்டு பஸ்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி; அக்கா நேரே அங்கே போனார். அதற்குள் கேடயங்கள், ஹெல்மெட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி. எது முயோல் என்று பெற்றவளுக்கும் தெரியாது. பஸ் கூரையில் ஏறிய ஒருவரை ஏற்கெனவே ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா கேடயங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றில் முதுகு படும்படி, எங்களைப் பார்த்து நின்றார். முதலில் பாய்ந்து வந்தவர் பியோதான், கொடிக்கம்பை ஓங்கியபடி.

"விலகு முயோல் அம்மா! நீ எந்தப் பக்கம்?"

அக்கா கையை நீட்டி அவர் பின்கழுத்தில் வைத்து, உச்சி வரைக்கும் எதிர்ப்பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தார். "தொப்பி எங்க?" என்றார். பிறகு தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஓங்கிய கம்புக்குக் கீழே நின்றபடியே, கிழவரின் காது இரண்டும் மூடும்படி இழுத்துவிட்டார்.