கயிற்றுக்கு இப்பால் ஒரு கல்யாணப் படம்

தேசியப் பூங்காவில் வழிகாட்டியாகச் சேர்ந்த முதல் வருடம் நான் நன்றாகக் கை தட்டுவேன். கொடிகாமம் தாண்டி, புழுதிப் பாதையில் குலுங்கிக் குலுங்கி கடல்நீர் தேங்கும் எங்கள் களப்புக் கரைக்கு வருகிறவர்களுக்குப் பறவைகள் பறக்க வேண்டும். அவை சும்மா மணலில் உட்கார்ந்திருந்தால் முகம் வாடிவிடும். அதனால் அவர்களை மணல்திட்டின் நடுவரை கூட்டிக்கொண்டு போய் ஓங்கித் தட்டுவேன். நூற்றுக்கணக்கான ஆலாக்கள் ஒரே வீச்சில் எழும்பும். பிள்ளைகள் துள்ளுவார்கள். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கடலில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டித் தருகிற பறவையாகத்தான் ஆலாவை அறிவேன். அது எங்கே முட்டை இடுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு வைகாசி மதியம், வந்தவர்கள் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கத் திட்டுக்குப் போனேன். ஒரு ஆலா என் தலையை உரசுமாப்போல் தாழப் பறந்து கத்தியது. குனிந்து பார்த்தேன். மணலில் ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் மணல் நிறத்திலேயே, புள்ளி போட்ட இரண்டு முட்டைகள், நசுங்கிக் கிடந்தன. மேலே செருப்புத் தடம். குதிப் பக்கம் தேய்ந்த தடம். என்னுடையது.

தள்ளிப்போய் நின்றேன். பறவை இறங்கி வந்தது. அந்த ஓட்டுத் துண்டுகளின் மேல், வயிற்று இறகை விரித்து, அடைகாக்க உட்கார்ந்தது.

காவலறைக்குத் திரும்பி வந்து அழுதேன். அங்கே என்னோடு வேலை செய்த அண்ணை, என்னைவிட வெகுகாலம் முந்திச் சேர்ந்தவர், தேத்தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"அழாதை பிள்ளை. நானும்தான் தட்டினனான்."

"மிதிச்சது நான் அண்ணை."

"மிதிக்காட்டியும், தாயை எழுப்பிவிட்டால் இந்த வெய்யிலுக்கை முட்டை அவிஞ்சு போகும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் தட்டினனான். சனம் சிரிச்சால் எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது."

என்னைத் தேற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பொறுப்பதிகாரியிடம் இருவரும் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் சம்மதித்ததும் திட்டைச் சுற்றித் தடிகள் நட்டோம். என்னைப் பெற்ற ஐயா தன் பழைய வலைக்கயிற்றைத் தந்தார். இனி ஒரே ஒரு நடைபாதை, ஒரு தடவைக்குப் பத்துப் பேர், கை தட்டல் இல்லை. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் கயிற்றைத் தாண்டினார்கள். நான் பின்னாலேயே ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

அடுத்த வைகாசியில் புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி, படம் எடுப்பவரோடு வந்திறங்கியது. மணப்பெண் மாம்பழ நிறப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள்.

"அக்கா, பின்னாலை பறவையள் எழும்பிற மாதிரி ஒரு படம் வேணும். ட்ரோனை ஒருக்கா விட்டால் போதும்," என்றார் படம் எடுப்பவர்.

"ட்ரோன் விடேலாது தம்பி. கயித்துக்கு அங்காலையும் போகேலாது."

"ஒரு நிமிசம்தானே? முந்தி வந்தவைக்கு நீங்களே கை தட்டிக் காட்டினீங்களாம்!"

எனக்கு முகம் சுட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம், தட்டினனான்," என்றேன். பிறகு அந்த மதியத்தில் கண்டதை அப்படியே சொன்னேன். தேய்ந்த செருப்பையும் மறைக்கவில்லை.

மணப்பெண் மெதுவாகக் கேட்டாள்: "இப்பவும் அங்கை முட்டை இருக்கோ அக்கா?"

தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

"கிட்டப் போனாலும் தெரியாது பிள்ளை. அதுதான் பயம்."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கயிற்றுக்கு இப்பால் மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பதறினான்.

"சேலை!"

"மண்தானே, தட்டினால் போகும். வந்து இருங்கோ."

அவனும் உட்கார்ந்தான். நாங்கள் அசையாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பறவைகள் எங்களை மறந்தன. ஒரு ஆலா அலகில் சின்ன மீனோடு வந்து இறங்கி, பள்ளத்தில் படுத்திருந்த துணையின் முன் நடந்து போய், மீனை நீட்டியது. மற்றது படுத்தபடியே வாங்கிக்கொண்டது.

"இஞ்சருங்கோ, பாத்தீங்களே? இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து குடுக்குது," என்று கிசுகிசுத்தாள் மணப்பெண்.

"நானும் குடுப்பன்."

"எங்கை, பாப்பம்."

படம் எடுப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நின்று எடுத்தார். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினார்கள். இரண்டு முதுகுகள், ஒரு கயிறு, தூரத்தில் வெள்ளைப் பொட்டுகள்.

ஆனி மாதத்தில் குஞ்சுகள் தண்ணீருக்கு நடக்கத் தொடங்கின. அண்ணை தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எண்ணினார். இரண்டு தரம் பிசகியது. மூன்றாம் தரம், "ஒருக்கா ஓடாமல் நில்லுங்கோவன்!" என்று குஞ்சுகளிடமே கெஞ்சினார்.