தீய்ந்த பிரேக்கின் வாசம்

அப்பாவின் பழைய பைக்கில் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூவை எடுத்தேன். தீய்ந்த வாசம் குப்பென்று வந்தது.

சிறு வயதில் மலைமேல் இருக்கும் வளப்பூரிலிருந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் சித்தி வீட்டுக்கு இறங்கும்போதெல்லாம், பெட்ரோலை மிச்சம் பிடிக்க அப்பா எஞ்சினை அணைத்துவிடுவார். வெறும் பிரேக்கை நம்பித்தான் மலையிறங்குவோம். பாதி வழியில் இதே வாசம் எழும். அம்மா அவர் தோளைத் தட்டுவாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க. பிரேக்கு கருகுது."

அது ஆறும்வரை அப்பா வண்டியோடு நிற்பார். அம்மாவும் நானும் இரண்டு வளைவு முன்னால் நடப்போம். வீட்டில் பேச நேரமில்லாத அம்மா, அந்த வழியில், சின்ன வயதில் தான் பலாமரம் ஏறிய கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

புது ஷூவை மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏறும்மா, சித்தி ஊட்டுக்குப் போலாம். நான் எஞ்சின அணைக்க மாட்டேன், இனி பிரேக்கு கருகாது."

அம்மா வண்டியையே பார்த்தாள். "அப்ப வழியில எங்கியும் எறங்கி நடக்க வேண்டாமா கண்ணு?"