மூக்கி சொன்ன வாடை

என் வீட்டுக்காரரின் தம்பி மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, வீட்டிலும் வேலையிலும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. அவளுக்கு அளவான சின்ன மூக்குதான். விடுதிகளின் படுக்கைத் துணியெல்லாம் வெளுக்கிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவள் துணி பிரிக்கிறவள். வண்டியிலிருந்து மூட்டைகள் இறங்கியதும் ஒவ்வொரு விரிப்பாக உதறுவாள். கறை எங்கே என்று கண் தேடுவதற்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். இது தலைக்குத் தேய்த்த எண்ணெய், இது குழந்தை கக்கினது, இது மது, இது ரத்தம் என்று தனித்தனித் தொட்டியில் போடுவாள். ரத்தக் கறையைத் தெரியாமல் வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டால் கறை துணியோடு வெந்துபோகும். பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. அதனால் அங்கே மூக்கி சொன்னால் சொன்னதுதான்.

அவளுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, அவளைச் சோறூட்டி, தலைவாரி வளர்த்தவர் அவர்தான். அவரும் அதே சலவைக்கூடத்தில், துணியின் ஓரத்தில் அழியாத மையால் எண் போடுகிற வேலை பார்த்தார். அச்சடித்ததுபோல இருக்கும் எழுத்து.

மூக்கிக்கு முதல் பிரசவத்தில், குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அண்ணன் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார். ரெண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று யாருடையதோ. அந்த நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை வந்தால் அவள் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்.

"என் உடம்புல ஓடறது எங்கண்ணன் ரத்தம். பாத்துப் பேசுங்க."

என் கொழுந்தன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், வாய் சும்மா இருக்காது. "அதான் நீயும் ஓடிக்கிட்டே இருக்கியா? ஒரு நாளாவது உக்காந்து பேசியிருக்கியா?" என்பான்.

அந்த அண்ணன் குடித்துக் குடித்து வயிறு வீங்கிச் செத்தார் என்பது எங்கள் உறவுக்குள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. செத்துப் பதினாலு வருஷம் ஆயிற்று. கடைசி வருஷத்தில் கை நடுங்கி, நாக்குக் குழறி, பட்டப்பகலில் எண் போடுகிற மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கி, வேலையும் போயிற்று. எங்கள் வீட்டில் எந்தப் பையன் மீசை முளைத்து வெளியே சுற்றினாலும், "பாத்துடா, மூக்கியோட அண்ணன் கதை ஆயிடப்போகுது" என்று எச்சரிப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். மூக்கி அப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவமானம் என்று நினைத்தேன்.

போன வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், "ஹெபடைடிஸ் சி இருக்கற மாதிரி தெரியுது. முதல்ல கல்லீரல் டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"ஏ, பி ரெண்டையும் விட்டுட்டு சி-யில போய் உக்காந்திருக்கா பாரு. பள்ளிக்கூடத்துலயும் இவ சி பிரிவுதான்" என்றான் கொழுந்தன். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

கல்லீரல் டாக்டர் ஒரு அம்மாள். நிதானமாகப் பேசினார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"முதல் டெஸ்ட் சொன்னது இந்தக் கிருமி உங்க உடம்புக்குள்ள எப்பவோ வந்ததுக்கு அடையாளம் இருக்குன்னு. வந்தது தானாப் போயிடுச்சா, இன்னும் உக்காந்திருக்கான்னு ரெண்டாவது டெஸ்ட்தான் சொல்லும். அதுவும் பாத்தாச்சு. உக்காந்திருக்கு. ஸ்கேன்ல கல்லீரலும் கொஞ்சம் இறுகியிருக்கு."

"எப்ப வந்திருக்கும்?" என்றாள் மூக்கி.

"எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

"முப்பத்தி மூணு வருஷம் முன்னாடி."

"அப்பல்லாம் ஏத்தற ரத்தத்துல இதைப் பாக்கற டெஸ்ட் கிடையாது. அதுல வந்திருக்கலாம். சரியாக் கொதிக்கவைக்காத ஊசியில வந்திருக்கலாம். இப்ப கண்டுபிடிக்க முடியாது. இருபது முப்பது வருஷம் சத்தமே இல்லாம இருக்கும்மா இது."

"இவகூட முப்பது வருஷம் சத்தம் போடாம ஒருத்தன் குடியிருந்திருக்கான்னா அவன் பெரிய ஆளுதான்" என்றான் கொழுந்தன். டாக்டரம்மாள் சிரித்தார். மூக்கி சிரிக்கவில்லை.

டாக்டரம்மாள் மற்றதெல்லாம் சொன்னார். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது. ரத்தம் ரத்தத்தில் கலந்தால்தான் வரும். பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ் மட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரும் மகளும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. தினம் மாத்திரை, பன்னிரண்டு வாரம். முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்குக் கிருமி அடியோடு போய்விடும்.

"சாப்பிடலன்னா?" என்று கேட்டது நான்தான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. ஆனா இறுகிட்டே போனா வயிறு வீங்கும், கால் வீங்கும். கழிவு தலைக்கு ஏறி பேச்சு குழறும், கை நடுங்கும், பகல்ல தூங்கி விழுவாங்க. வாயில ஒரு வாடை வரும். அழுகின பழம் மாதிரி, இனிப்பும் புளிப்புமா. பாக்கறவங்க குடிச்சிருக்காருன்னே நினைச்சுடுவாங்க. சொட்டுக்கூடக் குடிக்காதவங்களை அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கேன்."

மூக்கி தன் கையை எடுத்து மூக்கின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் பார்வை எங்கேயோ போய்விட்டது.

"வாடையா?" என்றாள்.

"ஆமாம்மா."

அடுத்து அவள் கேட்டது வேறு. "எங்கண்ணன் குடுத்த ரத்தம் எனக்குள்ள இன்னும் இருக்குமா?"

"இருக்காது. ஏத்தின ரத்தம் நாலு மாசத்துல அழிஞ்சு, உங்க உடம்பே புது ரத்தம் செஞ்சுக்கும். ஒருவேளை இந்தக் கிருமி அவர்கிட்டருந்து வந்திருந்தா, அவர் குடுத்ததுல இப்ப மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தையை மூக்கி மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் மேலே போய்விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பதினாலு வருஷமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

அண்ணன் எழுதுகிற எண்கள் கோணிப்போக ஆரம்பித்த சமயம். நாலு என்று போட்டது புழு நெளிந்ததுபோல இருந்ததாம். ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டார், "குடிச்சிருக்கியா?" என்று. அண்ணன் இல்லை என்றார். வார்த்தை குழறியது. சூப்பர்வைசர் திரும்பி, "மூக்கி, நீ வா. நீயே மோந்து பாத்துச் சொல்லு. உன் சொல்லுக்கு மேல சொல்லு இல்ல" என்றார்.

"போனேன் அக்கா. பக்கத்துல நின்னேன். அவர் வாயைத் தொறந்து காட்டினாரு, சின்னப் பிள்ளை டாக்டர்கிட்ட காட்டற மாதிரி. அது சாராயம் இல்ல. எனக்கு சாராயம் தெரியாதா? தினம் நூறு விரிப்புல மோந்து பாக்கறவ. அது மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. அந்த மாதிரி வாடையை நான் மோந்ததே இல்ல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். இருபது பேர் நிக்கறாங்க. மூக்கிக்கே தெரியலையான்னு சிரிப்பாங்கன்னு தோணுச்சு. ஆமா, குடிச்சிருக்காருன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா'ன்னு சொன்னாரு. சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. எட்டே மாசம்தான் இருந்தாரு."

படியில் யாரோ ஏறி வந்தார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

அதற்குப் பிறகு மூக்கி மாத்திரையைத் தொடவில்லை. கொழுந்தன் வாங்கி வந்த டப்பா சாமான் அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. தன் டம்ளரை அவளே தனியாக வைத்துக்கொண்டாள். தட்டு டம்ளரில் பரவாது என்று டாக்டர் சொன்னாரே என்று சொல்லி நான் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு முன்னால் வைத்து ஊதுவாள். பிறகு அந்தக் கையை மோந்து பார்ப்பாள். சோறு வடிக்கும்போது, முகம் கழுவிவிட்டு, பேசிக்கொண்டிருக்கிற நடுவில்கூட. கல்லீரல் இன்னும் அவ்வளவு கெடவில்லை, அந்த வாடை வருகிற நிலை இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் தேடினாள். வந்துவிடுமோ என்று பயந்தாளா, வராதா என்று ஏங்கினாளா, எனக்குப் புரியவில்லை.

கொழுந்தன் கெஞ்சினான். மகள் வந்து அழுதாள். மகளுக்கும் அவனுக்கும் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. கடைசியில் நான் கேட்டேன்.

"உன் மனசுல என்னதான் இருக்கு?"

"அவர் குடுத்ததுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அதையும் கொல்லச் சொல்றீங்களா? ஒரு தடவை கொன்னது போதாதா?"

சலவைக்கூடத்தில் ஒரு பழைய விடுதியின் கம்பளிகள் மூன்று இன்னும் வெளுப்புக்கு வருகின்றன. அவற்றின் ஓரத்தில் அண்ணன் கடைசியாகப் போட்ட எண்கள். மை அழியவில்லை. ஒன்றில் அந்த நெளிந்த நாலு. ஒவ்வொரு முறை வரும்போதும் அதை மட்டும் மோந்து பார்க்காமலே தொட்டியில் போடுவாளாம். அன்றைக்கு அந்தக் கம்பளி வந்தது என்று மூக்கி சொன்னபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"என்கிட்ட சொல்லிட்டே. சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொன்னியா?"

அவளுடைய அண்ணிக்காரி நாலு தெரு தள்ளி ஒரு மகனோடு இருந்தாள். துணிக்கடையில் பொத்தான் தைக்கிற வேலை. சாவு வீட்டுக்குப் பிறகு மூக்கியின் வாசலை மிதித்ததில்லை. மறுநாள் சாயங்காலம் நான்தான் கூட்டிப்போனேன். அண்ணிக்காரி மடியில் ஒரு சட்டையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

மூக்கி நின்றபடியே எல்லாம் சொன்னாள். கிருமி, கல்லீரல், வாடை, அன்றைக்கு இருபது பேர் நடுவில் சொன்ன பொய். ஒன்றையும் குறைக்கவில்லை.

அண்ணிக்காரி ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"குடிக்கலன்னு என் தலையில கைவெச்சுச் சத்தியம் பண்ணாரு" என்றாள். "நான் நம்பல. ஏன் தெரியுமா? மூக்கியே சொல்லிட்டாளேன்னு. வயிறு வீங்கிப் படுத்திருந்தப்ப வாயில வாடை வருதேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் சோறு ஊட்டினேன். பதினாலு வருஷமா தினம் காலையில விளக்கேத்தறப்ப அவரைத் திட்டிட்டுத்தான் ஏத்தறேன்."

வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். இவர்கள் ரெண்டு பேரும் அழவில்லை. சட்டையில் இன்னும் தைக்காத பொத்தான்கள் அவள் மடியிலிருந்து ஒவ்வொன்றாக உருண்டன. மூக்கி குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

"அந்தக் கிருமி அண்ணன் குடுத்ததுதானேன்னு மாத்திரை வேண்டாம்னு இருக்கேன் அண்ணி."

"ஓ, அதை வெச்சுக் கும்பிடப்போறியா? அவரைத் தின்னதும் அதுதானே?" அண்ணிக்காரியின் குரல் உயரவேயில்லை. "மரியாதையா மாத்திரையைச் சாப்பிடு. நீயும் வயிறு வீங்கிச் செத்தேன்னா, அண்ணனும் தங்கச்சியும் குடிச்சே செத்தாங்கன்னு ஊர் பேசும். என் பிள்ளை காதுல அது ரெண்டாவது தடவை விழக் கூடாது. நீ இருக்கணும். இருந்து, அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னியோ அத்தனை பேர்கிட்டயும் போய் இல்லன்னு சொல்லணும். ஒருத்தர் பாக்கி இல்லாம."

"அதுல நாலஞ்சு பேர் செத்துட்டாங்க அண்ணி."

"அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லு."

கிளம்பும்போது ஒரு வார்த்தை கேட்டாள், "எனக்கும் ரத்தம் பாக்கணுமா?" என்று. பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை மூக்கி டப்பாவைப் பிரித்தாள். எண்பத்து நாலு நாளும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் யார் அன்றைக்கு நின்றார்கள் என்று நினைவுபடுத்தி ஒவ்வொரு வீடாகப் போனாள். பலருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார்கள். வேலையை விட்டுப்போய்ப் படுக்கையில் கிடந்த அந்த சூப்பர்வைசர் மட்டும், "நீ சொன்னதாலதானே நான் அனுப்பினேன்" என்றார். அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் கிருமி இல்லை. இறுகின கல்லீரலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மற்றபடி பயமில்லை என்றார் டாக்டரம்மாள். கொழுந்தன், "குடியிருந்தவன் காலி பண்ணிட்டான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

மூக்கி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "போயிட்டாரு" என்றாள். நான் ஒன்றும் திருத்தவில்லை.

அந்த நெளிந்த நாலு போட்ட கம்பளி அடுத்த முறை வந்தபோது முதல்முதலாக அதை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாளாம். என்ன வாடை வந்தது என்று கேட்டேன்.

"தெரியல அக்கா" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளங்கையைக் குவித்து, வாய்க்கு முன்னால் வைத்து ஊதி, மோந்து பார்த்தாள்.