முதுகில் தைத்த பெயர்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியை முதலில் பார்ப்பவள் நான்தான். பத்திரிகைக்காரர்கள் எல்லாம் எனக்குப் பிறகுதான். பிரான்ஸில், லா ஷப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு தையல் மெஷினும் மேசையும் உண்டு. வருடம் முழுக்க பிளவுஸ் தைக்கிறேன். கோடை முடியும் நேரத்தில் மட்டும் கிளப்பில் சாமான்களுக்குப் பொறுப்பானவர் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே புது சீசனுக்கான சட்டைகளும் துணியில் வெட்டிய எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஆட்டக்காரர்களின் பெயர்களை முதுகில் தைத்துக் கொடுக்க வேண்டும். என் மகன் சின்ன வயதிலிருந்து அந்தக் கிளப்பில் ஆடுகிறான். வேலை வந்த வழி அதுதான்.

சட்டையைப் பார்த்தே அணி எப்படி என்று சொல்லிவிடுவேன். இந்த வருடம் கோல் காக்க பின்லாந்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பழையவர் போனதில் எனக்குக் கவலையில்லை, கடைசி நிமிடத்தில் கால் இடுக்கால் கோல் விட்டே எங்கள் உயிரை வாங்கினவர். தற்காப்புக்கு இரண்டு செக் நாட்டுக்காரர்கள். அவர்களுடைய சட்டையில் எங்கள் வீட்டு மூன்று பேர் நுழையலாம். கப்டன் இன்னும் ஒரு வருடம் ஆடுகிறாராம். முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஆனாலும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே வரப்போகிறது என்று அது வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். கோல் போடுகிற கனடாக்காரர் போய்விட்டார். இனி யார் போடுவது என்று ஒருவரும் மண்டையைப் போட்டு உடைத்ததாகத் தெரியவில்லை. நாலாவது வரிசையில் இடதுபக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது.

"அம்மா, கொந்த்ரா தந்திட்டினம்," என்று மகன் கடைக்கு வந்து சொன்னான். கொந்த்ரா என்றால் ஒப்பந்தம். வீட்டில் எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவன் அன்றைக்குத் தமிழில் சொன்னான். காலியான இடம் அவனுக்கு. அவனுடைய சட்டையும் பைக்குள்ளேயே கிடந்தது. அதற்குரிய எழுத்துகளைப் பார்த்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அது என் கணவருடைய பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அவர் பிரான்ஸுக்கு வந்த புதிதில், குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் தகப்பன் பெயரை எழுதாமல் தன் பெயரையே எழுதிவிட்டார். பிறகு அது எனக்கும் மகனுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், தாயைக் கூட்டிவருகிறேன் என்று போனார். போக வேண்டாம் என்று காலைப் பிடித்தேன். வவுனியாவிலிருந்து ஒரு போன் வந்தது. அதோடு சரி. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோனவர். அதனால் ஸ்தேன் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் கதவின் உள் சங்கிலியை நான் ஒருநாளும் போட்டதில்லை.

புருஷனுடைய பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறேனா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லாதவரைக்கும் அவர் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். விசா, வரி என்று போகிற கந்தோர்களில் அவருடைய பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள், எழும்பிப் போவேன். பெயர் என்ன என்று கேட்டால் கார்டை நீட்டுவேன். போனில் கேட்டால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன். எழுத்துச் சொல்வது பெயர் சொன்னதாகாது. அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

"என்ர பேரையே போடச் சொல்லிக் கேக்கட்டே?" என்றான் மகன்.

"ஏன், அப்பான்ர பேர் உனக்குக் கசக்குதோ?"

"எனக்கில்லை, உங்களுக்குத்தான் கரைச்சல்," என்றவன், மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னான். சீசன் தொடங்குவதற்கு முதல் அணியை ஊருக்குக் காட்டும் நாளில், அறிவிப்பாளர் ஒவ்வொருவருடைய சொந்தப் பெயரையும் மட்டும் சொல்லுவார். குடும்பப் பெயரைச் சனம் கத்த வேண்டும். எல்லாருடைய அம்மாமாரும் கத்துவார்களாம். "நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

"வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். அப்பான்ர பேரே இருக்கட்டும்," என்றேன்.

அந்தச் சட்டையில் கடைசி எழுத்தை முதலில் தைத்தேன். தைக்கும்போது வாய் தன்பாட்டில் வாசித்துவிடக் கூடாது என்றுதான் பின்னிருந்து முன்னுக்கு வந்தேன். முடித்து, மற்றச் சட்டைகளோடு மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அது மட்டும் இடதுபக்கம் சரிந்து நின்றது. என் கணவர் சின்ன வயதில் மாமரத்தால் விழுந்தவர். அவருடைய இடது தோள் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். நாடாவால் அளந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. கொக்கி பிழையாக்கும் என்று வேறு கொக்கியில் மாட்டினேன். அங்கேயும் அப்படியே சரிந்து நின்றது. பயமாக இருந்தது, சும்மா ஏன் மறைக்க வேண்டும்? சட்டையை மடித்து, பையின் அடியில் வைத்துவிட்டேன்.

அணியைக் காட்டியது ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் வாசலுக்கு நேரெதிரே இருந்தேன், ஆட்டக்காரர்கள் பனித்தரைக்கு வரும் வாசல் அது. விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த வாசலில் மட்டும் ஒரு வெளிச்சம் விட்டிருந்தார்கள். பனித்தரைக்கு மேலே வெள்ளைப் புகார், மூடுபனி மாதிரி, தவழ்ந்துகொண்டிருந்தது. பின்லாந்துக்காரர் வந்தார். செக் நாட்டுக்காரர்கள் வந்தார்கள். கப்டனுக்குச் சனம் தொண்டை கிழியக் கத்தியது. கடைசியில் அறிவிப்பாளர் என் மகனுடைய பெயரைச் சொன்னார். சனம் முழுவதும் என் கணவருடைய பெயரைக் கத்தியது.

வாசலில் யாரும் வரவில்லை.

சத்தம் தேய்ந்து போனது. அறிவிப்பாளர் மறுபடியும் கூப்பிட்டார், சனமும் மறுபடியும் கத்தியது. அப்போது புகாருக்குள் ஒருவர் நிற்பதைக் கண்டேன். ஹெல்மெட், முகத்துக்குக் கம்பிவலை, எங்கள் சட்டை. இடது தோள் தாழ்ந்திருந்தது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

நான் எழும்பிவிட்டேன். "இஞ்சாருங்கோ," என்றேன். அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு வேறு சொல் கிடையாது. அவர் அசையவில்லை. சனம் அவ்வளவும் கூப்பிட்டும் போதாமல், நான் கூப்பிடத்தான் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. எத்தனை வருடமாக இப்படி நிற்கிறாரோ. அவருடைய பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், உரத்து, என் வாயால்.

தலையை ஒருதரம் ஆட்டினார். உடனே அந்தப் புகாருக்குள்ளிருந்து மகன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். தோள் இரண்டும் நேராக இருந்தன. அவனுக்குப் பின்னால் வாசல் வெறுமையாகக் கிடந்தது.

எல்லாம் முடிந்து அவன் தலை ஈரத்தோடு வெளியே வந்தான். "நீங்கள் கத்தினது கேட்டது அம்மா," என்றான்.

"முதல்தரம் கூப்பிட ஏன் வரேல்லை?"

"முதல்தரமோ? ஒருக்காத்தானே கூப்பிட்டவை. கூப்பிட்ட உடனை வந்தனான்."

வீட்டுக்கு வந்ததும் கதவின் உள் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். பெயிண்டோடு ஒட்டிக் கிடந்தது. கத்தரிக்கோல் முனையால் சுரண்டி எடுத்து, சங்கிலியை மாட்டினேன். மகன் சப்பாத்தைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனம்மா சங்கிலி போடுறியள்?"

"வரவேண்டிய ஆள் வந்திட்டுப் போயிட்டார்," என்றேன்.