மேல் கட்டிலின் வெப்பம்

பர் துபாய் மீனா பஜாரில் ஜாபர் சாதிக்கின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவர் படுக்கை விரிப்பும் தலையணையும் விற்கிறார். நான் கைக்கடிகாரமும் அதற்கான வாரும். அவருடைய மகள் ஹிஃப்ஸா ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துக்குப் படிக்கப் போன கதையை நான் எழுத ஒரு காரணம் உண்டு. அதைத் தப்பாகச் சொல்லுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பேராசிரியரோடு சண்டை போட்டு ஒரு வருடத்தை வீணாக்கிய பெண் என்கிறார்கள். சண்டை போட்டது மட்டும் உண்மை.

ஹிஃப்ஸா இங்கேயே பிறந்தவள். பள்ளி விடுமுறைகளில் வாப்பாவின் வேனில் ஏறிக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்புகளுக்குத் தலையணை இறக்கப் போவாள். கட்டடங்களின் வெப்பம், காற்றோட்டம் பற்றிய மேற்படிப்புக்கு கிராஸில் இடம் கிடைத்தபோது அவள் உம்மா ரஹீமா பீவிக்குச் சம்மதம் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை தனியாக எங்கே போவது என்று கேட்டார். "நீங்க காயல்பட்டினத்துல இருந்து இங்க ஏறி வந்தப்ப பத்தொம்பது வயசு. எனக்கு இருபத்திமூணு ஆச்சு உம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள்.

அங்கே வகுப்பில் துபாயிலிருந்து வந்தவள் என்றதும் எல்லாரும் வானளாவிய கோபுரங்களைப் பற்றியே கேட்டார்களாம். தன்னுடைய துபாயில் கோபுரத்தைவிட கேம்ப் அறைகள் அதிகம் என்று சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் புரியவில்லை. அதனாலேயே ஆய்வுக்கு அந்த அறைகளை எடுத்துக்கொண்டாள்.

முதல் கோடை விடுமுறையில் வந்தபோது, ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையின் கேம்பில் ஆறு வெப்பமானிகளை வைத்தாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைத் தானாகவே பதிந்துகொள்ளும். நைட் டூட்டி முடித்தவர்கள் பகலில் தூங்கும் அறைகள் அவை. இரண்டடுக்குக் கட்டில்கள், மேலே தகரக் கூரை, சுவரில் தாழ்வாக ஒரு ஏசி. மதியம் இரண்டு மணிக்குக் கீழ்க் கட்டிலில் இருபத்தெட்டு டிகிரி காட்டியது. மேல் கட்டிலில் முப்பத்தேழு.

கிராஸில் பேராசிரியர் அதை நம்பவில்லை. ஏசி ஓடுகிற ஒரே அறைக்குள் ஒன்பது டிகிரி வித்தியாசம் வராது, கருவியைத் தப்பாக வைத்திருக்கிறாய் என்றார். மேல் கட்டில் எண்களை எடுத்துவிட்டுக் கீழே கிடைத்ததை மட்டும் எழுதினால் அந்தப் பருவத்திலேயே பட்டம் வாங்கிவிடலாம். எடுக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் எடுத்துவிடு என்றார்கள். ஜாபர் சாதிக்கும் தொலைபேசியில், முதலில் பட்டம், மற்றதெல்லாம் பிறகு என்றார். அவள் வாப்பாவிடம், அந்த மேல் கட்டிலுக்குத் தலையணை விற்றது நீங்கள்தானே என்று கேட்டாள்.

ஹிஃப்ஸா அந்த எண்களை நீக்கவில்லை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பேக்கரியில் விடியற்காலை டூட்டி பார்த்து அறை வாடகை கட்டினாள். மே மாதத்தில் பன்னிரண்டு வெப்பமானிகளோடு பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரு நாள் ஓடவிட்டாள். பன்னிரண்டும் ஒரே அளவைக் காட்டின. கருவிகள் சரியாக இருக்கின்றன என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

இந்த முறை கேம்பைப் பார்த்துக்கொள்ளப் புது பாஸ் வந்திருந்தார். கேட்டிலேயே "மாஃபி", அதாவது கிடையாது, என்று திருப்பி அனுப்பினார். அன்று வேனை ஓட்டிப்போன ஜாபர் சாதிக், திரும்பிவிடலாம் என்றார். அவளோ கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்ட் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்க்கும் அழகுமலை டூட்டி முடிந்து அங்கே வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாக மேல் கட்டில். போன கோடையில் அளந்த அறைகளில் அவருடையதும் ஒன்று. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கருவிகளுக்குக் கை நீட்டினார்.

ஹிஃப்ஸா கொடுக்கத் தயங்கினாள். "அண்ணே, உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"சூடு எனக்கு, பயம் ஒனக்கா?" என்றார் அழகுமலை. "என் கட்டில்ல நான் எதை வச்சுப் படுத்தா அவனுக்கு என்ன? கொடு தங்கச்சி."

ஆறு அறைகளில் மேலும் கீழுமாகப் பன்னிரண்டும் நாற்பது நாள் இருந்தன. எண்கள் மாறவில்லை, ஒரு நாள் மேலே முப்பத்தெட்டைத் தொட்டது.

தேர்வுக் குழுவின் முன் பேராசிரியர் அப்போதும் விடவில்லை. அறையின் சராசரியையாவது எழுதியிருக்கலாமே என்றார். மேலே படுக்கிறவரும் கீழே படுக்கிறவரும் சேர்ந்து ஒரே ஆளாகத் தூங்குவதில்லை என்று அவள் பதில் சொன்னாள். பிறகு அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதை வாசித்துவிட்டு, எனக்கு வேறு கேள்வி இல்லை என்றாராம். தேர்ச்சிக்கு உள்ளதிலேயே குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். ஆய்வேட்டில் ஒரு எண்ணும் மாறவில்லை. "கடைசி மார்க்தான் வாப்பா. ஆனா எல்லாம் அப்படியே இருக்கு" என்று போனில் அவள் சொன்னதை ஜாபர் சாதிக் என் கடைக்கு வந்து இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வந்ததும் அந்த எண்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். அழகுமலையும் இன்னும் பதினொரு பேரும் அதன் கீழே பெயர் எழுதி, சேர்ந்தே போய் ஆலை மேனேஜரிடம் கொடுத்தார்கள். ஒரு மாதம் பதில் இல்லை, மறுபடியும் போனார்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு பிளாக்கின் கூரைக்கு வெப்பம் தடுக்கும் பலகை போட்டார்கள். அது ஏற்கெனவே திட்டத்தில் இருந்த வேலை என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டது. சொல்லட்டும் என்றார் அழகுமலை.

மற்ற மூன்று பிளாக்குகளும் இன்னும் வெறும் தகரம்தான். ஹிஃப்ஸா இப்போது ஷார்ஜாவில் ஓர் ஏசி வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் வேன் அவளிடம்தான்; வேறு வேறு கேம்புகளுக்கும் போய் அளக்கிறாள். ரஹீமா பீவி மாப்பிள்ளை தேடுவதை நிறுத்தவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கும் என்று இவள் முதலிலேயே சொல்லிவிடுகிறாளாம்.