இத்தனூண்டு எலி ஒரு பாட்டில் தண்ணி குடிக்குமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது எங்கள் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தேன். எலி என்றால் வீட்டில் அரிசி தின்னும் எலி இல்லை, ஹாம்ஸ்டர். ஒரு கைக்குள் அடங்கிவிடும். உப்பளம் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் பிடித்து எட்டு மணிக்குள் போய்விடுவேன்.

இந்த இனத்தில் சிலவற்றுக்கு, யாரும் எதுவும் செய்யாமலே தானாகச் சர்க்கரை நோய் வந்துவிடும். அது எப்போது ஆரம்பிக்கிறது, அதன்பிறகு அந்த எலி எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. கூண்டில் உமி மாற்றுவது, தீனி போடுவது, மாலையில் பாட்டிலில் தண்ணீர் ரொப்பிவிட்டு, காலையில் எவ்வளவு மீதி என்று தாளில் குறிப்பது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை பதினேழாம் கூண்டின் பாட்டில் சுத்தமாகக் காலி. மீதி இல்லை என்று எழுதினேன். ஒன்பது மணிக்கு வந்த எங்கள் பிரிவு அதிகாரி தாளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"நேத்து தண்ணியே வெக்கலியா?"

"வெச்சேன் சார். குடிச்சிடுச்சு."

"இத்தனூண்டு எலி ஒரு பாட்டில் தண்ணி குடிக்குமா? யாருகிட்ட கதை விடுற?"

அன்றே 'பணியில் அலட்சியம்' என்று மெமோ கொடுத்தார். மறுநாளும் பாட்டில் காலி, மறுபடி மெமோ. இந்த முறை காரணம் வேறு: உமி ஈரமாக இருக்கிறதாம், நான் மூடியைச் சரியாகப் போடாமல் ஒழுகிவிட்டதாம். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கூட வேலை செய்த அக்கா ஒரு வழி சொன்னார். "அவரு வர்றதுக்குள்ள பாதி ரொப்பி வெச்சுட்டு, தாள்லயும் பாதி மீதின்னு எழுதிடு. யாரு பாக்கப்போறா?"

செய்தேன். நான்கு நாள் பொய்க் கணக்கு எழுதினேன். அதிகாரி தாளைப் பார்த்து, "பாத்தியா, ஒழுங்கா வேல செஞ்சா தண்ணி நிக்குது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து டியூட்டிக்குப் போனவள், அந்தக் கூண்டில் உமி மாற்றினேன். ஈரமெல்லாம் எலி ஒன்றுக்குப் போகும் பின்பக்க மூலையில்தான் இருந்தது. பாட்டில் தொங்குவது முன்பக்கம், அதன் கீழே உமி மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. புதுத் தண்ணீர் வைத்ததும் எலி குழாயை விடவே இல்லை. என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். ஆரம்பத்தில் அவரும் சொம்பும் கையுமாகத்தான் இருந்தார். சர்க்கரை நோயைப் பார்க்கவே கட்டிய இடத்தில், தண்ணீர் எங்கே போனது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் வந்தார். கூண்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். அதிகாரியும் நின்றார்.

"மேடம், பாட்டிலு முன்னாடி தொங்குது. ஈரம் பின்னாடி மூலையில கீது. ஒழுவுற தண்ணி நடந்து போவுமா?"

மேடம் சர்க்கரை பார்க்கும் பட்டை ஒன்றை எடுத்து எலியின் சிறுநீரில் நனைத்தார். நிறம் கறுத்துப் போனது, சர்க்கரை இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. "எப்பலேர்ந்து இப்படி?" என்று தாளைக் கையில் எடுத்தார்.

அந்த நான்கு நாளையும் அந்தத் தாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் தப்பிவிடலாம். ஆனால் நோய் ஆரம்பித்த நாள் தப்பானால் அந்த எலியின் ஆயுள் கணக்கு முழுவதும் தப்பு. "போன திங்கக்கெழமலேர்ந்து மேடம். நடுவுல நாலு நாள் நான் எழுதனது பொய்யி. மெமோவுக்குப் பயந்து எழுதிட்டேன்" என்றேன்.

"பாத்தீங்களா மேடம், நான் சொல்லல?" என்றார் அதிகாரி, என்னவோ ஜெயித்துவிட்டவர் மாதிரி.

மேடம் அந்த நான்கு நாளையும் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன், அது என் தப்புதான். பிறகு, "அந்த ரெண்டு மெமோவையும் இதே மாதிரி அடிச்சுக் குடுங்க சார்" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"விடும்மா, ஃபைல்ல ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது. அதான் வேல போவலயே" என்றார். மேடம் அதற்குள் அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

மெமோவை ரத்து செய்யச் சொல்லி ஆபீசில் எழுதிக்கொடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. அந்த எலி பிறகு ஐந்து மாதம் உயிரோடு இருந்தது. ஒரு வருடத்தில் நானே வேலையை விட்டேன். என் பொய்யை நினைத்தால் இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்; அவர் தப்புக்கு அவர் போட வேண்டிய கையெழுத்து இன்னும் பாக்கி இருக்கிறது, அதுவரை இந்தக் கோபத்தை நான் விடுவதாக இல்லை.