மூலைக்கு மூலை ஒரு நூல்

அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கடமையாற்றி, தலைமைப் படவரைஞனாக ஓய்வு பெற்றவன் நான். அக்காலம் முழுவதிலும் என் கையொப்பம் தாங்கிய வரைபடம் ஒன்றேனும் திருத்தம் வேண்டித் திரும்பி வந்ததில்லை. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதை வாசகர் உரிய அளவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையின் தலைவராகவும் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். என் மேசை லாச்சியில், உள்ளே நீல வெல்வெட்டுத் துணி ஒட்டிய பெட்டி ஒன்றில், ஒரு மூலைமட்டம் இருக்கிறது. கல்லூரியில் கேத்திரகணித வரைதலில் முதலாவதாக வந்தமைக்காக எனக்குக் கிடைத்த பரிசு அது. கருங்காலிப் பிடி, உருக்குத் தகடு, இரண்டையும் பிணைக்கும் மூன்று பித்தளை ஆணிகள். செங்கோணம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனதில் எழுவது அதன் உருவந்தான்.

வாழ்நாள் முழுவதும் நான் கோடுகள் வரைந்தேன். அவற்றைக் கல்லாகவும் மரமாகவும் ஆக்கியவர்கள் வேறு யாரோ. ஓய்வு பெற்ற பின்னர், ஒருநாள் மத்தியானம், எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டிய இயந்திரமொன்றைக் கணினித் திரையில் கண்டேன். கணினியில் வரைந்த கோட்டின் வழியே, சுழலும் வெட்டுமுனை ஒன்று தானாகவே நகர்ந்து பலகையைச் செதுக்கிற்று. அதற்குச் சி.என்.சி. ரவுட்டர் என்று பெயர். கோட்டுக்கும் பொருளுக்கும் இடையில் இன்னொருவர் கை இல்லை. அன்று பகல் நித்திரை கொள்ளாமல் கண்ணை மூடிக் கிடந்தேன். இமைகளுக்குள்ளே அந்த முனை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. மறுநாளே வரையத் தொடங்கி, பதினொரு தாள்களில் என் இயந்திரத்தை வரைந்து முடித்தேன். மோட்டார்கள் கனடாவிலிருக்கும் மருமகனின் பயணப் பெட்டியில் வந்தன. வழுக்கும் தண்டவாளங்கள் கொழும்பிலிருந்து வந்தன. சட்டத்தை, உள்ளே விலா எலும்புகள் போலப் பலகைகள் வைத்து, ஒட்டுப்பலகையால் பெட்டியாகக் கட்டிப் பிசினால் இறுக்குவதென முடிவு செய்தேன். நல்ல பிசின் படகு கட்டுபவர்களிடம் கிடைக்கும் என்றார்கள். அதைத் தேடிக் குருநகருக்குப் போனபோதுதான் ஓடாவியாரைச் சந்தித்தேன்.

படகு கட்டும் தச்சரை எங்கள் பக்கத்தில் ஓடாவியார் என்போம். அவருக்கு என்னிலும் இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை, காதில் ஒரு துண்டுப் பென்சில். முழங்கால்கள் தேய்ந்துவிட்டதால் கரையில் குந்தியிருந்து படகு வேலை செய்வது கடினமாகிக்கொண்டிருந்தது. நின்று செய்யக்கூடிய வீட்டுத் தச்சு வேலைகளை அவர் தேடிக்கொண்டிருந்தார். என் பதினொரு தாள்களையும் மணலில் விரித்து, ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் சிப்பி வைத்துப் பார்த்தார். விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"வடிவாக் கீறியிருக்கிறியள் ஐயா. கட்டலாம்," என்றார்.

எங்கள் பின் விறாந்தையில் இரண்டு மாதம் வேலை நடந்தது. அவர் காலையில் சைக்கிளில் வருவார். என் மனைவி இருவருக்கும் தேநீர் வைப்பாள். பிசின் பூசிய பலகைகளை அவர் பிடித்து இறுக்க, நான் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து "சரி" என்பேன். பிசின் இறுகிய பிறகு எதையும் அசைக்க முடியாது. ஆகையால் அந்தச் சொல்லை நிதானமாகவே சொன்னேன். இரு தண்டவாளங்களின்மேல் பாலம்போல நின்று நகரும் குறுக்குச் சட்டத்தைப் பூட்டும் நாளில், ஓடாவியார் தம் பையிலிருந்து இனிப்பு அடைத்து வரும் பழைய ரொபித் தகரம் ஒன்றை எடுத்தார். உள்ளே மெழுகேற்றிய பின்னல் நூல் சுற்றியிருந்தது.

"ஐயா, ஒருக்கா மூலைக்கு மூலை நூல் பிடிச்சுப் பாப்பமோ? நாங்கள் வள்ளத்துக்கு அப்பிடித்தான் பாக்கிறது. ரெண்டு பக்கமும் ஒரே நீளமெண்டால் சரி. தங்கூசி நைலோன், அது இழுபடும், இது இழுபடாது."

"இந்த மூலைமட்டம் கல்லூரியிலை எனக்குப் பரிசாத் தந்தது. இதுக்கு மேலை உம்முடைய நூல் என்னத்தைச் சொல்லப்போகுது?"

அவர் சிரித்தார். "ஓம் ஐயா. நூல் சோதினை எடுக்கேல்லைத்தான்."

தகரத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

வெட்டுமுனையைப் பூட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பென்சிலைக் கட்டி இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்தப் பிற்பகல் இன்றும் எனக்குத் தெளிந்த கனவுபோல இருக்கிறது. வேம்பின் நிழல் விறாந்தை நிலத்தில் அசைந்தது. மோட்டார்கள் தாழ்ந்த குரலில் முணுமுணுத்தன. யாரும் தொடாத பென்சில் ஒன்று வெள்ளைத் தாளில் ஒரு சதுரத்தையும் அதனுள் ஒரு வட்டத்தையும் மெல்ல மெல்ல வரைந்தது. நடுவில் ரயில் ஒன்று கடந்து போயிற்று. வீடு லேசாக அதிர, வட்டத்தின் ஓரிடத்தில் கோடு தண்ணீரில் விழுந்த நிழல்போல நடுங்கிப் பின் அமைதியடைந்தது. என் ஆயுளில் நான் வரைந்த கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எழுந்து நடக்கத் தொடங்கியதாக எனக்குத் தோன்றிற்று. மனைவி குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றுவிட்டாள். ஓடாவியார் மட்டும் ஒரு கண்ணை மூடித் தலையைச் சரித்து, தொடுவானத்தைப் பார்ப்பவர்போலத் தாளைப் பார்த்தார்.

"வட்டம் கொஞ்சம் காத்துக்குச் சாயிறமாதிரிக் கிடக்குது ஐயா."

தாள் நழுவியிருக்கும் என்றேன். கனவு கலைவதை நான் விரும்பவில்லை.

வாசிகசாலைக்குப் புதிய கட்டடம் முடிந்திருந்த நேரம் அது. வாசல் சுவரில் பெயர்ப்பலகைக்கென மேசன் ஒரு நீள் சதுரக் குழி விட்டிருந்தார். அதற்கான பலகையையும் அதிலுள்ள எழுத்துகளையும் என் இயந்திரமே வெட்டுமென்று நான் வாசிகசாலைச் சபைக்குச் சொல்லியிருந்தேன். புதிய கட்டடத்தின் புத்தக அலுமாரிகளையும் இருந்து வாசிக்கும் வாங்குகளையும் ஓடாவியாரிடமே கொடுப்பதென்றும் பேச்சாயிருந்தது. கரை வேலையிலிருந்து மாறுவதற்கு அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த வேலை அதுதான். திறப்பு விழாவன்று, ஊரார் முன்னிலையில், இருவர் பலகையைத் தூக்கிக் குழியில் வைத்தார்கள். அது பொருந்தவில்லை. ஒரு மூலை சுவரில் முட்ட, மறு மூலையில் ஒரு விரல் நுழையும் இடைவெளியால் பின்னேர வெயில் உள்ளே வந்தது. எழுத்துகளும் ஒரே பக்கமாகச் சரிந்து நின்றன. நல்ல வேம்புப் பலகையில், மிக அழகாக, மிகத் துல்லியமாக, கோணலாக.

"மெசின் கள்ளுக் குடிச்சிட்டுதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சனம் சிரித்தது.

எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "என்ன தலைவர், எங்கை பிழைச்சது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "சட்டம் அடிச்சது குருநகர் ஓடாவியார்."

அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அதைத்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அதுதானே பாத்தன்," என்றார் செயலாளர். "கடலிலை ஆடுறதுக்குக் கட்டிறவரைப் பிடிச்சால், தரையிலை உப்பிடித்தான் நிக்கும்."

ஓடாவியார் இரண்டாம் வரிசையில், வெள்ளைச் சேட்டணிந்து, சோடாப் போத்தலோடு இருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "ஓம், சட்டம் என்ரை கைதான்," என்றார். குடித்து முடியாத போத்தலைக் கதிரைக்குக் கீழே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இஞ்சருங்கோ, அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?" என்றாள். 

மூன்றாம் நாள் காலையில் தெருவாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஓடாவியார் நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் ஏதோ தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கதைக்க வரேல்லை ஐயா. அளக்க வந்தனான்."

விறாந்தைக்குப் போய், ரொபித் தகரத்தைத் திறந்து, நூலைச் சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தார். முடிச்சு மூலைக்கு வந்து சேரவில்லை. ஒரு பெருவிரல் நகத்தளவு குறைந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தபடியே, "சட்டம் ஐயா சொன்னமாதிரித்தான் நிக்குது," என்றார்.

நான் போய் மூலைமட்டத்தை எடுத்து வந்தேன். நேரான பலகையொன்றின் விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு கீறினேன். பின் மறுபுறம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறினேன். கருவி சரியென்றால் இரண்டும் ஒரே கோடாக வர வேண்டும். கல்லூரியில் முதல் வாரத்திலேயே இதைச் செய்து பார்க்கச் சொல்லித் தருவார்கள். என் கோடுகள் இரண்டும், மேலே போகப்போக, கத்தரிக்கோல்போல விரிந்தன.

யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போனபோது, காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் இந்தப் பெட்டியையும் ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்து, பொலித்தீன் சுற்றி, கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போயிருந்தோம். ஒரு மாரி முழுவதும் தகரம் மண்ணுக்குள் கிடந்தது. திரும்பி வந்து தோண்டி எடுத்ததும் உறுதிகளை வெயிலில் விரித்து, ஒவ்வொரு எல்லையாக வாசித்துச் சரிபார்த்தேன். மூலைமட்டத்தின் துருவை மட்டும் துடைத்து, எண்ணெய் பூசி, வெல்வெட்டில் மீண்டும் கிடத்தினேன். அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. அலுவலகத்தில் எனக்கு வேறு கருவிகள் இருந்தன. அங்கு வரைந்தவற்றை இது தொட்டதில்லை. ஆயினும் அன்று விறாந்தையில் அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

இதையெல்லாம் ஓடாவியாரிடம் சொன்னேன். அவர் கருங்காலிப் பிடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"மண்ணுக்கை கிடந்து தண்ணி குடிச்சிருக்குது. ஆணியையே நெம்பியிருக்குது, பாருங்கோ. அதின்ரை பிழையில்லை ஐயா."

அதன் பிழையில்லை என்று அவர் சொன்னதோடு நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன்.

அன்று முழுவதும் வேலை செய்தோம். பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்தார். பிசின் இறுகிய சட்டத்தை அசைக்க முடியாதாகையால், பாலத்தை மட்டும் நூலுக்கு ஏற்ப நகர்த்திப் புதிய துளைகள் இட்டார். மாலையில் பென்சிலைக் கட்டினோம். வட்டம் வட்டமாக வந்தது. விறாந்தைப் படியில் செருப்பை மாட்டியபடி அவர் ஒரேயொரு தடவை கேட்டார்.

"செயலாளரிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடுறியளோ ஐயா? அந்த அலுமாரி வேலை..."

"பாப்பம்," என்றேன்.

நூல் தகரத்தை மேசையில் விட்டுவிட்டார். எடுத்து நீட்டியபோது, "இருக்கட்டும் ஐயா, இனியும் தேவைப்படும்," என்றார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் அலுமாரி வேலையைப் பற்றிய பேச்சு வந்தது. சரிந்த சட்டம் அடித்தவருக்கு வேண்டாம் என்றார் செயலாளர். நான் தலைவர் நாற்காலியில் இருந்தேன். வேறொருவருக்குக் கொடுப்பதாக எழுதிய தீர்மானத்தில், என் வழமையான கையொப்பத்தை, வழமைபோலத் தெளிவாக இட்டேன். பின்னர் வெட்டிய இரண்டாவது பலகை சுவரில் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தபோது எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதையும் ஏற்றுக்கொண்டேன். ஓடாவியார் அதற்குப் பிறகு கொக்குவில் பக்கம் வரவில்லை. மகளோடு மன்னாருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது வாசிகசாலை மலர் ஒன்று வெளிவர இருக்கிறது. இயந்திரத்தைப் பற்றிச் செயலாளர் எழுதிய பக்கத்தைப் பார்வைக்காக எனக்கு அனுப்பியிருக்கிறார். இன்று பிற்பகல் அதை மேசையில் வைத்துக்கொண்டு லாச்சியைத் திறந்தேன். நீல வெல்வெட்டில் மூலைமட்டம் கிடக்கிறது. அதன் அருகே ரொபித் தகரம், அதனுள் ஒரு முடிச்சோடு நூல். விறாந்தையில் இயந்திரம் ஏதோவொரு கோலத்தைத் தனக்குள் பாடியபடி வெட்டிக்கொண்டிருக்கிறது. வேம்புத் தூள் வெயிலில் மிதக்கிறது. ரயில் கடந்து போகிறது. கோடு நடுங்குகிறது, பின் அமைதியடைகிறது. படலைப் பக்கம் சைக்கிள் மணி கேட்டதுபோல இருந்தது. எழுந்து பார்த்தேன், யாரும் இல்லை.

பக்கத்தைத் திருத்தம் வேண்டித் திருப்பி அனுப்புகிறேன். குருநகர் ஓடாவியார் கோணலாகக் கட்டிய சட்டத்தைத் தலைவர் நிமிர்த்தினார் என்று அதில் எழுதப்பட்டிருப்பது உண்மையல்ல. ஓடாவியார் நான் சொன்ன கோணத்திலேயே கட்டினார். நான் சொன்ன கோணம் பிழை. நிமிர்த்தியவர் அவர். அலுமாரி வேலை அவருக்குக் கிடைக்காமற் போனது என் கையொப்பத்தால்.